நாற்பத்தொன்று புள்ளி ஆறு

இது எனக்கு நடந்ததல்ல. கற்பகவள்ளி சொல்லிக் கேட்டது. அவளும் நானும் ஒரே கல்லூரி, ஒரே விடுதி. அவள் எக்ஸ்ரே படிப்பு, நான் வேதியியல். சாத்தூரில் அவள் வீட்டில் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் உட்கார்ந்து கேட்டேன். முதலில் 'அவள்' என்று வைத்துத்தான் எழுதினேன். எல்லாம் எனக்கே தெரியும் என்பதுபோல ஒரு தோரணை வந்துவிட்டது. அதனால் அவள் பேசியபடியே 'நான்' என்று மாற்றினேன். 'ஞாபகமில்லை' என்று அவள் சொன்ன இடங்களை ஞாபகமில்லாமலே விட்டிருக்கிறேன். மாசி மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில், காலை பத்து மணியிலிருந்து ஒரு மணிவரை நடந்தது இது.

நாற்பத்தொன்று புள்ளி ஆறு. பேட்ஜில் பதிந்த கதிர் அளவைச் சொல்லும் தாளில் என் பெயருக்கு நேரே அதுதான் இருக்கிறது. மேலே டாக்டர் ஞானதுரை பெயர், அவருக்கு நேரே பூஜ்யம். கீழே நான், கற்பகவள்ளி அ., டெக்னீஷியன், அக்டோபர் முதல் டிசம்பர் வரை, நாற்பத்தொன்று புள்ளி ஆறு மில்லிசீவர்ட். புள்ளி இடம் தவறி விழுந்திருக்குமோ என்று தாளைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தேன். போன வருடம் முழுக்கச் சேர்த்து எனக்கு வந்தது புள்ளி மூன்று. ஒரு வருடத்துக்கு இருபது என்பது கணக்கு, அதையே யாரும் தொடக்கூடாது, இது மூன்றே மாதத்தில். டாக்டர் என் முகத்தைப் பார்த்தார். "டென்ஷன் ஆகாதம்மா. எல்லா சென்டருக்கும் ஒரு தடவ வரும். 'பேட்ஜைத் தவறுதலா எக்ஸ்ரே ரூம்லயே வச்சிட்டேன்'னு எழுதிக் கையெழுத்துப் போட்டுரு. எல்லாரும் அப்படித்தான் எழுதுவாங்க. ஒரு மணிக்குள்ள மெயில்ல அனுப்பிரலாம்." நான் சரிங்க சார் என்றேன். என் வாய் சரி என்று சொன்னதே எனக்குப் பிறகுதான் கேட்டது. வெளியே பதினோரு டோக்கன் உட்கார்ந்திருக்கிறார்கள். முதல் ஆள் நெஞ்சு எக்ஸ்ரே, பட்டாசு ஆலைக்காரர், இருமுகிறார். சட்டையைக் கழற்றுங்க, தாடையை இதுமேல வைங்க, தோளை முன்னால தள்ளுங்க. கதவைச் சாத்திவிட்டுக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வந்து நிற்கிறேன். மூச்ச நல்லா இழுங்க, பிடிங்க, ஆடாதீங்க. பொத்தான். விடலாம். அவர் விட்டுவிட்டார். நான் இன்னும் விடவில்லை என்று கொஞ்ச நேரம் கழித்துத்தான் தெரிந்தது. வயிற்றில் பதினோரு வாரம். வீட்டுக்காரருக்கும் எனக்கும் மட்டும் தெரியும், அப்புறம் சிவகாசியில் ஸ்கேன் எடுத்த அந்தப் பெண்ணுக்கு. இங்கே எடுத்தால் ஊருக்கே தெரியும் என்றுதான் சிவகாசிக்குப் போனோம். மூன்று மாதம் முடியாமல் வெளியே சொல்லக்கூடாது, கண் படும், கலைந்துவிடும். நான் நம்புகிறேனா என்று கேட்டால் நம்பவில்லை. ஆனாலும் சொல்லவில்லை. என் அம்மாவிடமே சொல்லவில்லை. அம்மா தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்கி என்னைப் படிக்க வைத்தாள், எங்கள் தெருவில் டிகிரி வாங்கிய முதல் ஆள் நான், வீட்டில் கேட்டால் அம்மா சொல்வாள், எம்மவ ஒளியில வேல பாக்கா என்று. ஒளி. அதை அம்மாவுக்கு நான்தான் அப்படிச் சொல்லிக் கொடுத்தேன், கதிர் என்றால் பயந்துவிடுவாள் என்று.

பத்து மதிப்பெண் கேள்வி அது. கதிர்வீச்சு உயிருள்ள செல்லில் ஏற்படுத்தும் மாற்றங்களை விவரி. நான் ஒன்பதரை வாங்கினேன். செல்லில் பெரும்பகுதி தண்ணீர், கதிர் முதலில் தண்ணீரைத்தான் அடிக்கிறது, தண்ணீர் மூலக்கூறிலிருந்து ஒரு எலெக்ட்ரானைத் தட்டிவிடுகிறது, மிஞ்சியது எதையாவது பிடுங்கிக்கொள்ளத் துடிக்கிறது, ஒரு நொடியில் நூறு கோடியில் ஒரு பங்குகூட அது உயிரோடு இருக்காது, அதற்குள் பக்கத்தில் டி.என்.ஏ. இருந்தால் அதைக் கடித்துவிட்டுச் சாகிறது. இரண்டு புரிச் சடையில் ஒரு புரி அறுந்தால் பரவாயில்லை, எதிர்ப்புரியைப் பார்த்து செல்லே தைத்துக்கொள்ளும். இரண்டும் ஒரே இடத்தில் அறுந்தால் பார்த்துத் தைக்க எதுவும் இல்லை. அறுந்த முனைகள் கிடைத்ததைப் பிடித்துக்கொள்ளும். குரோமோசோமுக்கு நடுவில் இறுகிய இடம் ஒன்றுதான், அதன் இடுப்பு; ஒன்றின் முனை இன்னொன்றின் முனையோடு ஒட்டிக்கொண்டால் அதற்கு இரண்டு இடுப்பு. நான் படம் கூடப் போட்டேன், பென்சிலால், இரண்டு இடுப்புள்ள குரோமோசோம், அம்புக்குறி போட்டுப் பெயர் எழுதினேன், அரை மதிப்பெண் எதற்குக் குறைந்தது என்று அன்று அழுதேன். கடைசி வரி இன்னும் அப்படியே வருகிறது. வேகமாகப் பிரியும் செல்களும் இன்னும் இன்னது என்று ஆகாத செல்களுமே அதிகம் பாதிக்கப்படும். எடுத்துக்காட்டு, ஒன்று எலும்பு மஜ்ஜை, இரண்டு குடலின் உட்சுவர், மூன்று கரு. மூன்றாவதாக எழுதினேன். வரிசையில் கடைசியாக, பேனாவை மூடுவதற்கு முன்னால். அடுத்த டோக்கன் யாரென்று, சென்டரில் உதவிக்கு இருக்கும் மரகதம் அக்கா கூப்பிடுகிறாள். முழங்கால். அம்பது அம்பத்தைந்து வயது இருக்கும், மஞ்சள் சேலை, தங்கப்பழம் என்று சீட்டில் இருக்கிறது. பெண் என்றால் கேட்டே ஆகவேண்டும், சுவரிலேயே ஒட்டியிருக்கிறது, ஆனால் வயதைப் பார்த்து விட்டுவிடலாம், நான் விடுவதில்லை. "மாசமா இருக்கீங்களாம்மா?" "யாரு, நானா?" அந்த அம்மா மேசையில் ஏறியபடியே சிரித்தது. "இதக் கேட்டா எம் மருமக ஊர விட்டே ஓடிருவா. நீ எப்படி தாயி? கல்யாணம் ஆயி ஒரு வருசம் இருக்கும்போலயே, விசேசம் ஒண்ணுமில்லையா?" "இல்லம்மா. காலை ஆட்டாம வைங்க." இல்லம்மா. எவ்வளவு சீக்கிரம் வந்தது. கேட்கிற வேலையில் இருக்கிறவள் பொய் சொல்கிறாள். சொன்ன உடனே வயிற்றுக்குள் இருப்பது அதைக் கேட்டிருக்குமோ என்று தோன்றியது, காது இன்னும் முளைத்தே இருக்காது, முளைக்கிற வாரம் எது, அதுவும் பாடத்தில் இருந்தது.

பேட்ஜ் எங்கே இருந்தது. அதை யோசி, மற்றதை விடு. தீப்பெட்டி அளவு, மார்பில் மாட்டுவது, உள்ளே மூன்று வட்டத் தகடு. எத்தனை கதிர் பட்டதோ அத்தனையும் வாங்கி வைத்துக்கொள்ளும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை கதிர் அளவைக் கண்காணிக்கும் அலுவலகத்துக்கு அனுப்பினால் அங்கே படித்துச் சொல்வார்கள். நான் அதைக் கழற்றி மேசை டிராயரில் வைப்பேன், டாக்டர் பேட்ஜுக்குப் பக்கத்தில். டாக்டர் பேட்ஜ் அந்த டிராயரை விட்டு வெளியே வந்ததே கிடையாது. ஆயுத பூஜை அன்று மட்டும் வந்தது. அது எனக்கு நன்றாகத் தெரியும். டாக்டர் கிறிஸ்தவர், ஆனால் பொரிகடலை, பழம், பூ எல்லாம் அவர் செலவு, வாசலில் நின்று பொரியைக் கொறித்துக்கொண்டு நடத்துங்க நடத்துங்க என்பார். மரகதம் அக்கா எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தாள், எக்ஸ்ரே மிஷினுக்கு, கம்ப்யூட்டருக்கு, எடை பார்க்கும் மிஷினுக்கு, ஃபேன் ரெகுலேட்டருக்கு. சின்னச் சாமான்களை எல்லாம் ஒரு தட்டில் வைத்தோம், கத்தரி, மார்க்கர், பேட்ஜ் இரண்டும். தட்டை எங்கே வைத்தோம். மறுநாள் விஜயதசமியில் மறுபூஜை போடும்வரை எதையும் தொடக்கூடாது, எடுக்கக்கூடாது. மறுநாள் காலையில் பூஜை போடுவதற்கு முன்னாலேயே வேன் கவிழ்ந்த கேஸ் வந்துவிட்டது. குலசை தசராவுக்கு வேஷம் கட்டிப் போகிறவர்கள், பைபாஸில் உருண்டது. ஆறு பேர். நான் ஓடிவந்து பார்த்தால் எக்ஸ்ரே மேசையில் காளி படுத்திருக்கிறாள், முகமெல்லாம் சிவப்புச் சாயம், நாக்கு கழன்று கழுத்தில் தொங்குகிறது, எட்டுக் கையில் நாலு பிய்ந்துபோய்விட்டது, உள்ளே இருப்பது ஒரு லோடுமேன், "யம்மா இடுப்பு, யம்மா இடுப்பு" என்கிறார். இடுப்பு, முதுகு, தொடை, பதினான்கு படம் எடுத்தேன் அன்று. மேசையில் தட்டு இருந்ததா. தட்டைத் தள்ளிவிட்டு ஆளைப் படுக்க வைத்தார்களா, தள்ளும்போது பேட்ஜ் மட்டும் விழுந்து மெத்தைக்கும் ஆளுக்கும் நடுவில் கிடந்ததா. இடுப்புப் படம் ஒன்றுக்கு மூன்று என்று வைத்தால் பதினான்கு மூன்று நாற்பத்திரண்டு. நாற்பத்தொன்று புள்ளி ஆறு. பார், கணக்கு சரியாக வருகிறது. சரியாக வருவதுதான் பயமாக இருக்கிறது. கணக்கு வரவேண்டும் என்று நான்தானே மூன்று போட்டேன்.

பேட்ஜை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தது நினைவிருக்கிறது. பஞ்சு சிவப்பானது. அது குங்குமமா, காளி வேஷத்தின் சாயமா, அந்த ஆளின் ரத்தமா. குங்குமம் என்றால் தட்டிலிருந்து எடுத்துத் துடைத்தேன், மேசையில் கதிர் படவில்லை, அப்படியென்றால் அந்த எண் என்மேல் பட்டது. சாயமோ ரத்தமோ என்றால் அது மேசையில் கிடந்தது, கதிர் பட்டது பேட்ஜில், என்மேல் இல்லை. பஞ்சை மறுபடி மறுபடி பார்க்கிறேன், மனதுக்குள் அதைத் திருப்பிப் பார்க்கிறேன், ஒவ்வொரு முறையும் நிறம் கொஞ்சம் மாறுகிறது, இப்போது நான் சாயம் வேண்டும் என்று பார்க்கிறேன் அதனால் சாயமாகத் தெரிகிறது. டாக்டர் அந்த வாக்கியத்தைச் சொல்லாமல் இருந்திருந்தால் நானாகவே இதை நினைத்திருப்பேனா. அவர் சொன்ன பிறகு நினைவு வந்ததா, நினைவு இருந்ததற்கு அவர் சொன்னது பொருந்தியதா. இன்னொன்று, இரண்டு பேட்ஜும் ஒரே தட்டு. டாக்டருக்குப் பூஜ்யம். ஆனால் ஒளி விழும் சதுரம் சின்னது, ஒன்று உள்ளே கிடந்து மற்றது வெளியே கிடக்கலாம், கிடக்கலாம்தானே. மரகதம் அக்கா தரை துடைத்துக்கொண்டிருந்தாள், கேட்டேவிட்டேன். "அக்கா, ஆயுத பூஜைக்கு என் பேட்ஜ எங்க வச்சோம்?" "எல்லாத்துக்கும்தான் பொட்டு வச்சேன், ஒன் நெத்திக்குத்தான் வைக்கல. என்ன இப்பப்போய் கேக்க?" "இல்ல, தட்டு எங்க இருந்துச்சு? மேசை மேலயா, ஸ்டூல்லயா?" அக்கா துடைப்பதை நிறுத்தி என்னைப் பார்த்தாள். "எங்க இருந்துச்சின்னு சொல்லணும்? நீ சொல்லு, அங்கதான் இருந்துச்சு. டாக்டர் கேட்டாலும் அதத்தான் சொல்லுவேன், போதுமா?" நல்ல மனசு. அப்படியென்றால் இந்த உலகத்தில் அந்தத் தட்டு எங்கே இருந்தது என்று தெரிந்த ஒரு ஆள்கூடக் கிடையாது.

அடுத்து ஒரு குழந்தை, மூன்று வயது, ஊக்கு விழுங்கிவிட்டது, தாய்க்காரி இடுப்பில் வைத்துக்கொண்டு அவளும் அழுகிறாள். குழந்தை மேசையில் படுக்காது. "நீங்க பிடிங்க மேடம், எனக்குக் கை நடுங்குது." எத்தனை குழந்தையைப் பிடித்திருக்கிறேன், ஏப்ரனை மாட்டிக்கொண்டு, தலையை ஒரு கையால் காலை ஒரு கையால், அப்பா அம்மாவைவிட நான் பிடித்தால் ஆடாது என்று எனக்கே ஒரு பெருமை. "நான் பிடிக்கக்கூடாதும்மா. நீங்கதான் பிடிக்கணும்." "ஏன் மேடம், தினமும் இதுலதான நிக்கீங்க? ஒங்களுக்கே பயமா?" குத்தலாகச் சொல்லவில்லை, பயத்தில் சொன்னாள். ஏப்ரனை எடுத்து அவளுக்கு மாட்டினேன். அதை நாற்காலியிலிருந்து எடுத்தபோதுதான் கை அதன் மடிப்பில் நின்றது. ஈயம் வைத்த ஏப்ரன், ஐந்து கிலோ இருக்கும். மாட்டிவைக்கும் கம்பி உடைந்து இரண்டு வருடம் ஆகிறது, அன்றிலிருந்து மடித்து நாற்காலியில் வைக்கிறேன். பாதியாக மடித்து, அதை மறுபடி பாதியாக மடித்து, ஓரத்தோடு ஓரம் சேர்த்து, சேலை மடிப்பதுபோல. அம்மா கற்றுத் தந்தது, தீப்பெட்டி ஆபீசிலிருந்து வந்து எவ்வளவு களைத்திருந்தாலும் துணியைச் சுருட்டிப் போடமாட்டாள். சோதனைக்கு வந்த அதிகாரிகூட ஒருமுறை, ரூமை எவ்வளவு நேர்த்தியா வச்சிருக்கீங்க என்று சொல்லிவிட்டுப் போனார். ஏப்ரனை மடிக்கக்கூடாது. ஒரு மதிப்பெண் கேள்வி. உள்ளே ஈயத்தில் வெடிப்பு விழும். தெரியும், எனக்குத் தெரியும், தெரிந்துகொண்டே ஒரு நாளைக்கு நாலு தடவை நேர்த்தியாக மடித்தேன். குழந்தையின் படத்தில் ஊக்கு வயிற்றில் இருக்கிறது, மூடிய ஊக்கு, தானாக வெளியே வந்துவிடும், தாய்க்காரி என் கையைப் பிடித்துக்கொண்டு கும்பிட்டாள். நான் அவள் தோளில் கிடந்த ஏப்ரனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வருடத்துக்கு ஒருமுறை ஏப்ரனை எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கவேண்டும். பதிவேட்டில் அதற்கு ஒரு பக்கம் உண்டு. ஏப்ரன் ஒன்று, நிலை: நன்று, கையெழுத்து கற்பகவள்ளி அ. இரண்டு வருட ஜனவரியிலும் போட்டிருக்கிறேன். கண்ணால் பார்த்தேன், துணி கிழியவில்லை, நன்று. பன்னிரண்டு மணிக்கு டோக்கன் கொஞ்சம் ஓய்ந்தது. ஏப்ரனை மேசையில் விரித்தேன், ஒரு ஆளைப் படுக்க வைப்பதுபோல கழுத்துப் பக்கம் மேலே, அடியில் படம் பதியும் கேசட். கதவைச் சாத்தினேன். மூச்சை இழுங்க என்று சொல்ல வாய் வந்தது. பொத்தான். கேசட்டைப் படிக்கும் மிஷினில் செருகிவிட்டு நிற்கிறேன், நாற்பது நொடி ஆகும், இந்த நாற்பது நொடியில் எத்தனை பேர் வந்து பின்னால் நின்று எட்டிப் பார்த்திருக்கிறார்கள், என்ன மேடம் எலும்பு முறிஞ்சிருக்கா, சொல்லுங்க மேடம், டாக்டர்தான் சொல்லணும் என்பேன். நெஞ்சுப் பகுதி வந்தது. வெள்ளை. எங்கும் ஒரே வெள்ளை, ஈயம் இருக்கிறது, கதிர் போகவில்லை. அப்பாடா. கீழே இடுப்புப் பகுதி வந்தது. வெள்ளையில் கறுப்பாக ஒரு கோடு, குறுக்கே, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை. அதிலிருந்து கிளைகள். தண்ணீர் வற்றிய கண்மாய் வெடித்துக் கிடப்பதுபோல, சித்திரை மாதத்தில் விரல் நுழைகிற அளவுக்கு வெடிக்குமே, அப்படி. நேராக, அவ்வளவு நேராக, ஓரத்தோடு ஓரம் சேர்த்து மடித்த கோடு. யாரோ வரைந்ததுபோல. நான்தான் வரைந்தேன். திரையில் விரலை வைத்து அளந்தேன், என் உயரத்துக்குத் தொப்புளுக்கு நாலு விரல் கீழே. உட்கார்ந்துவிட்டேன், அந்த நாற்காலியிலேயே, ஏப்ரன் வைக்கிற நாற்காலியில்.

யோசி. மெதுவாக. வியாழக்கிழமைகளில் பக்கத்து எலும்பு ஆஸ்பத்திரிக்குப் போகிறேன், சி-ஆர்ம் போட, அறுவை நடக்கும்போதே எலும்பைத் திரையில் காட்டும் மிஷின். இதே ஏப்ரனைத் தோளில் போட்டுக்கொண்டு போகிறேன். டாக்டர்கள் 'ஷூட்' என்றால் காலால் மிதிக்கவேண்டும், மேசைக்கு ஒட்டி நிற்கிறேன், மேசை என் வயிற்று உயரம். ஆளின் தொடையில் பட்டுச் சிதறுகிறது நாலு பக்கமும். சிதறுவது ஆயிரத்தில் ஒரு பங்குதான், ஒரு மீட்டர் தள்ளி நின்றால், நான் ஒரு மீட்டர் தள்ளி நின்றேனா. பேட்ஜ் எங்கே இருக்கிறது, ஏப்ரனுக்கு உள்ளே, நெஞ்சில். நெஞ்சில் ஈயம் முழுதாக இருக்கிறது. அப்படியானால் பேட்ஜுக்கு என் வயிற்றைப் பற்றி ஒன்றும் தெரியாது. நாற்பத்தொன்று என்றாலும் தெரியாது, பூஜ்யம் என்றாலும் தெரியாது. காலையிலிருந்து பஞ்சின் நிறத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேனே, அது சாயமாகவே இருக்கட்டும், பேட்ஜ் காளிக்கு அடியிலேயே கிடந்திருக்கட்டும், அந்த எண் முழுப் பொய்யாகவே இருக்கட்டும். அது நெஞ்சைப் பற்றிய பொய். இன்னொன்று. அந்தத் தாள் டிசம்பரோடு முடிகிறது. டிசம்பர் நடுவில்தான் இது தங்கியிருக்கும். முதல் இரண்டு வாரத்தில் அடிபட்டால் ஒன்று கரு போய்விடும் அல்லது முழுதாகத் தப்பிவிடும், நடுவில் எதுவும் இல்லை, அது பாடத்தில் ஒரு வரி, அந்த வரியைத்தான் காலையிலிருந்து உள்ளுக்குள் பிடித்துக்கொண்டிருந்தேன், போகவில்லை, அதனால் தப்பிவிட்டது என்று. ஆனால் ஜனவரி இருக்கிறது. பிப்ரவரி இருக்கிறது. கை முளைக்கிற வாரம், கண் முளைக்கிற வாரம், முதுகெலும்பு மூடுகிற வாரம், ஒவ்வொரு வாரத்திலும் ஒரு வியாழன் இருக்கிறது. போன வியாழன் மூன்று அறுவை. அதற்கு எந்தத் தாளும் இன்னும் வரவில்லை, இப்போது நெஞ்சில் மாட்டியிருக்கிறதே இதைப் படிக்க மே மாதம் ஆகும், படித்தாலும் நெஞ்சைத்தான் சொல்லும். சிவகாசியில் அந்தப் பெண் ஒலியைத் திறந்துவிட்டாள், குதிரை ஓடுவதுபோல, நூற்று அறுபத்தெட்டு என்றாள். வீட்டுக்காரர் அதை போனில் பதிந்து வைத்திருக்கிறார், வேலை பார்க்கும் அச்சு பிரஸ்ஸில் மிஷின் சத்தத்தில் காதில் வைத்துக் கேட்பாராம். போன் பண்ணட்டுமா. பண்ணினேன். "என்னங்க, சாப்டீங்களா?" "இன்னும் இல்ல. என்ன இந்நேரத்துல, என்னமும் பண்ணுதா?" "ஒண்ணுமில்ல. சும்மாதான்." "சும்மா பண்ற ஆளா நீ. மாங்கா வேணுமா, வரும்போது வாங்கியாரவா?" "ம்." வைத்துவிட்டேன். அவரிடம் சொல்லவேண்டும் என்றால் ஏப்ரனை மடித்தேன் என்றுதான் தொடங்கவேண்டும்.

பன்னிரண்டே முக்கால். வெள்ளைத்தாள், டாக்டர் சொன்ன வாக்கியத்தை ஆங்கிலத்தில் எழுதவேண்டும், ஒரே வரி. பேட்ஜைத் தவறுதலாக எக்ஸ்ரே அறையில் வைத்துவிட்டேன். எழுதினால் இந்தத் தாள் ஒரு கோப்பில் போய்ப் படுத்துக்கொள்ளும். அது பொய் என்றுகூடச் சொல்லமுடியாது, உண்மையாகவே இருக்கலாம், அதுதான் அதன் சுகம். செல்லில் பாதிப்பு உண்டா என்று பார்க்க யாரும் ரத்தம் எடுக்கமாட்டார்கள், யாரும் ஏப்ரனைக் கேட்கமாட்டார்கள், வியாழக்கிழமை வரும், நாற்காலியிலிருந்து எடுத்து மாட்டிக்கொள்வேன். மாட்டமாட்டேன், தெரிந்த பிறகு எப்படி மாட்டுவேன். நான் மாட்டமாட்டேன், எனக்கு அடுத்து வருகிறவள் மாட்டுவாள், அவளுக்கும் மூன்று மாதம் யாரிடமும் சொல்லக்கூடாது என்று ஒரு வீடு இருக்கும். பேனாவை எடுத்தேன். பேட்ஜ் எக்ஸ்ரே மேசையில் கிடந்திருக்கலாம்; உறுதியாகத் தெரியவில்லை. ஏப்ரனை இன்று சோதித்ததில் இடுப்புப் பகுதியில் குறுக்கே வெடிப்பு இருக்கிறது, படம் இணைத்துள்ளேன். பதிவேட்டில் சோதிக்காமலே நன்று என்று கையெழுத்திட்டவள் நான். இதுவரை கை நிற்காமல் எழுதியது. அடுத்த வரியில் நின்றுவிட்டது. மாமியார் முகம், அம்மா முகம், கண் படும் என்ற சொல், முகமே தெரியாத ஒரு அலுவலகத்தில் முகமே தெரியாத ஒருவர் முதலில் படிக்கப் போகிறார். நான் பதினோரு வாரக் கர்ப்பமாக இருக்கிறேன். ரத்தப் பரிசோதனை செய்யக் கேட்டுக்கொள்கிறேன். எழுதியதைத் திரும்பப் படிக்காமல் டாக்டர் அறைக்குக் கொண்டுபோனேன். அவர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார். முதலில் முகம் இறுகியது. "இதெல்லாம் எதுக்கும்மா... ஏப்ரன், பதிவேடு... ஒரு வரி போதும்னுதான சொன்னேன், இது போச்சுன்னா சென்டர..." கடைசி வரிக்கு வந்துவிட்டார். தாளைக் கீழே வைத்தார். "எப்ப இருந்து?" "டிசம்பர், சார்." "ஏம்மா, எங்கிட்டயாவது சொல்லிருக்கக் கூடாதா? வியாழக்கிழம ஒன்ன அனுப்பிருப்பனா?" "எங்க அத்தைக்கே இன்னும் தெரியாது, சார்." அவர் எழுந்து ஜன்னலுக்குப் போய் நின்றார், வெளியே என்ன இருக்கிறது, ஜெனரேட்டர் அறை மட்டும்தான். திரும்பாமலே சொன்னார். "நீயே ஸ்கேன் பண்ணி அனுப்பு. நான் பாக்கல." பிறகு, "பிற்பகல் டோக்கன நிறுத்திரச் சொல்லு மரகதத்த. போய்ச் சாப்பிடு, தாயி." அவர் இதற்கு முன்னால் என்னைத் தாயி என்று சொன்னதில்லை. எனக்கு அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. ஏப்ரன் இன்னும் மேசையில் விரித்தபடி கிடந்தது. அதை மடிக்கக் கை போனது.

இவ்வளவுதான் அவள் சொன்னது. அந்த மாதக் கடைசியில் சென்னைக்கு வரச்சொல்லி ரத்தம் எடுத்தார்கள். ரத்தத்தின் வெள்ளை அணுக்களை இரண்டு நாள் வளர்த்து, அவை பிரியப்போகும் நேரத்தில் நிறுத்தி, கண்ணாடியில் பரப்பி, ஒவ்வொரு செல்லாகப் பார்ப்பார்கள். ஐந்நூறு செல் பார்த்திருக்கிறார்கள். முடிவைக் கற்பகவள்ளி எனக்குக் காட்டினாள், நான்காக மடிக்காமல் ஒரு அட்டைக்குள் வைத்திருக்கிறாள். இரண்டு இடுப்புள்ள குரோமோசோம்: ஒன்று. ஆவணியில் பெண் குழந்தை பிறந்தது, இரண்டே முக்கால் கிலோ. எல்லாம் நன்றாக இருக்கிறது என்று மூன்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். அவள் நான்காவது ஒருவரைத் தேடிக்கொண்டிருக்கிறாள். அந்த ஒன்று எதனால் வந்தது என்று என்னைக் கேட்டாள், நீ வேதியியல் படித்தவள்தானே என்று. அன்று எனக்குத் தெரியவில்லை. பிறகு இரண்டு இடங்களில் தேடிச் சரிபார்த்தேன். எக்ஸ்ரே அறைக்குள் ஒருநாளும் வேலை செய்யாத யாருடைய ரத்தத்தை எடுத்து ஆயிரம் செல் எண்ணினாலும் அப்படி ஒன்றோ இரண்டோ அகப்படும். உடம்பு முழுக்க நூறு மில்லிசீவர்ட்டுக்குக் கீழே வாங்கியவருடைய ரத்தத்தையும் அந்த வேலையே செய்யாதவருடைய ரத்தத்தையும் இந்த எண்ணிக்கையை வைத்துப் பிரித்தறிய முடியாது.